அந்தப் பிசிஆர் கருவிகளை நிமோனியாவுக்கும் திறந்து விடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை, மருத்துவக் கல்வித் துறை இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

வட மாவட்டம் ஒன்றில் சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்தும் நெஞ்சக மருத்துவர் நான். அரசுப் பணியில் இல்லாததால் இப்படிப் பொதுவெளியில் எழுத முடிகிறது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு எனக்கு ஒரு டீ சொல்வார்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கொரோனா காலத்தில் வாங்கிய, கிருமியின் மரபணுவைத் தேடிக் காட்டும் பிசிஆர் கருவிகள் மாவட்டங்களில் இருக்கின்றன. நிமோனியாவோடு வார்டில் சேரும் நோயாளிகளுக்கு, அதே கருவியில் மைக்கோப்ளாஸ்மா, லெஜியோனெல்லா, கிளமிடியா வகைக் கிருமிகளையும் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். முடிவு கைக்கு வரும்வரை யாருக்கு எந்த மருந்தைச் சேர்ப்பது என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, அரசு மருத்துவமனைகளுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் அனுப்புங்கள். கோரிக்கை அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

நிமோனியா என்றதும் எங்கள் மனதில் வருவது கல்லூரியில் படித்த ஒரு படம். குளிர் நடுக்கத்தோடு திடீரென ஏறும் காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்து, துரு நிறத்தில் சளி, எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு பகுதி மட்டும் வெள்ளை வெளேரென்று. நிமோகாக்கஸ் கிருமியின் வேலை அது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தப் படத்துக்குள் அடங்காத சில நோயாளிகளைப் பற்றி 1938-இல் ஹோபர்ட் ரைமன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். வறட்டு இருமல், தலைவலி, உடம்பு அசதி, மெல்ல மெல்ல ஏறும் காய்ச்சல். சில ஆண்டுகளில் பென்சிலின் வந்தது. இவர்களுக்கு அது பயன்படவில்லை. 1944-இல் மன்ரோ ஈட்டன் இதற்கான காரணியைப் பிரித்தெடுத்தபோதும், அதை வைரஸ் என்றே பலரும் நினைத்தார்கள். 1962-இல்தான் அதை ஆய்வகத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். பாக்டீரியாதான், ஆனால் மிகச் சிறியது, செல்சுவர் கிடையாது. மைக்கோப்ளாஸ்மா நிமோனியே.

செல்சுவர் இல்லை என்பதில்தான் சிகிச்சையின் சிக்கல் எல்லாம் இருக்கிறது. அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைக் குலைத்துத்தான் அதைக் கொல்கின்றன. மைக்கோப்ளாஸ்மாவுக்கு அவற்றைக் கொடுப்பது சுவரே இல்லாத வீட்டில் கன்னம் வைக்கப் போவது மாதிரி. லெஜியோனெல்லாவும் கிளமிடியாவும் வேறு வழியில் தப்புகின்றன: நம் செல்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கின்றன, இந்த மருந்துகள் அங்கே போய்ச் சேர்வதில்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை செல்லுக்குள் போகும். மூன்றுமே பழைய மருந்துகள், மூன்றுமே மலிவு. ஆக, இங்கே பிரச்சினை மருந்துப் பஞ்சம் இல்லை.

நோயாளி எந்த வழியாக எங்களிடம் வந்து சேர்கிறார் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் மருந்துக் கடை. மூன்று மாத்திரை கொண்ட அசித்ரோமைசின் பட்டை ஒன்று, சீட்டு கேட்காமலே கிடைக்கும். சாதாரண வைரஸ் சளிக்கும் அதே பட்டைதான். நான்காம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டுக்கான வைடால் ரத்தச் சோதனை, 'லேசாக டைபாய்டு இருக்கிறது' என்ற தீர்ப்பு, ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. (நம் ஊரில் வைடாலில் லேசாக டைபாய்டு இல்லாதவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.) இருமல் நிற்காது. பத்தாம் நாள் எக்ஸ்ரே, இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக நிழல். அடுத்து காசநோய்ச் சந்தேகம், சளிப் பரிசோதனை, அதில் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் எங்கள் வாசல்.

இந்த வகை நோயாளிகளின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஆளைப் படுக்கையில் தேடினால், அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். மைக்கோப்ளாஸ்மாவிலும் ஆக்சிஜன் இறங்கி ஐசியூ வரை போகிறவர்கள் உண்டு. அதேபோல நிமோகாக்கஸ் நோயாளி வறட்டு இருமலோடு வருவதும் உண்டு. நோயாளியை உற்றுப் பார்த்தே எந்தக் கிருமி என்று சொல்லிவிட முடியும் என்று என் தலைமுறை மருத்துவர்கள் பலர் இன்னும் நம்புகிறோம். முடியாது. ஆய்வுகள் இதைப் பலமுறை காட்டிவிட்டன. அதனால்தான் பரிசோதனை வேண்டும் என்கிறேன்.

பரிசோதனை இல்லாத ஊரில் என்ன செய்கிறோம்? விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் வந்தான், அறையில் இருந்த மற்ற இருவருக்கும் அதே இருமல். ரத்தத்தை உறையவிடாத, ஊதா மூடி போட்ட இடிடிஏ குப்பியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி வைத்தேன். வெளியே எடுத்து மெல்லச் சாய்த்தபோது குப்பியின் சுவரில் ரத்தம் ரவை ரவையாகத் திரிந்து ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கியதும் மறுபடி வழவழவென்று ஓடியது. குளிரில் சிவப்பணுக்களை ஒட்ட வைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் மைக்கோப்ளாஸ்மா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டாகின்றன. 1940-களில் கண்டுபிடித்த விஷயம் இது. சில வைரஸ் காய்ச்சல்களிலும் இதே மாதிரி தெரியும், மைக்கோப்ளாஸ்மா இருந்தும் தெரியாமல் போகும். பயிற்சி மருத்துவர்களுக்கு இதைக் காட்டும்போது ஆர்வமாகப் பார்க்கிறார்கள், படம்கூட எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. சில தெரு தள்ளி ஒரு பிசிஆர் கருவி இருக்கும்போது, நான் ஐஸ் தண்ணீரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தனியார் ஆய்வகங்களில் மைக்கோப்ளாஸ்மாவுக்கான எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் ரத்தச் சோதனை கிடைக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். சரி, கிடைக்கிறது. ஆனால் நோயின் முதல் வாரத்தில் அது பெரும்பாலும் காட்டாது. ஒருமுறை வந்துவிட்டால் மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். போன மழைக்கு வந்த நோய்க்கு இந்த மழையில் பாசிட்டிவ் சீட்டு வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தொண்டையிலிருந்தோ சளியிலிருந்தோ எடுத்த மாதிரியில் பிசிஆர் செய்தால்தான், மருந்து முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் பதில் வரும். பல கிருமிகளை ஒரே முறையில் பார்க்கும் பெரிய பிசிஆர் தொகுப்பு சென்னைக்கு அனுப்பினால் கிடைக்கும்தான். அதன் கட்டணத்தைச் சொன்னதும் நோயாளியின் மகன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, 'வேற வழி இருக்கா சார்?' என்று கேட்பார். பத்து பதினைந்து வைரஸ்களையும் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பு எங்களுக்குத் தேவையில்லை. மருந்தை மாற்றக்கூடிய மூன்று நான்கு கிருமிகள் போதும்.

அந்த நான்கில் ஒன்றாக எங்கள் வட மாவட்டங்களுக்கு ஸ்க்ரப் டைபஸ்ஸைச் சேர்த்தாக வேண்டும், புதரிலும் வயலிலும் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல் அது. பாடநூல் பட்டியலில் அது தனிக் காய்ச்சல். 'அதையும் நிமோனியாக் கணக்கில் சேர்க்கலாமா' என்று மாணவர்கள் கேட்பார்கள். மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் இரண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாகி மூச்சுத்திணறலோடு வருபவர்களிடம் அதைத் தேடாமல் விட்டால் ஆளை இழப்போம். இதற்கும் செஃப்ட்ரியாக்சோன் பயன்படாது.

வயலில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். ஏற்கெனவே இரண்டு இடங்களில் படுத்துவிட்டு வந்தார். ஆக்சிஜன் 88. கையில் இருந்த கோப்பு தடிமனாக இருந்தது: சிடி ஸ்கேன், எக்கோ, விதவிதமான ரத்தச் சோதனைகள். எங்கள் செவிலியர் திரையை இழுத்து, ரவிக்கையை விலக்கி, மார்பின் அடி மடிப்பைப் பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலி இல்லாததால் அந்த அம்மாவுக்கே தெரியாது. சிற்றுண்ணி கடித்த இடம் அதுதான். அவ்வளவு சோதனைகளுக்குப் பணம் கட்டியிருந்தார், சேலையை விலக்கிப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், மார்பின் கீழ் என்று மூடிய இடங்களில்தான் இது இருக்கும். பெண் நோயாளிகளை ஒரு பெண் செவிலியர் தலை முதல் கால் வரை பார்ப்பதை அந்த ஒற்றைப் பக்கச் சுற்றறிக்கையில் முதல் வரியாகப் போடுங்கள். செலவே இல்லாத பரிசோதனை.

இந்த நோய்க்கான சிகிச்சையை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர்களில் நம் மாநிலத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைவுபடுத்துகிறேன். கடுமையான ஸ்க்ரப் டைபஸ்ஸுக்கு டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவாக, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. இறப்பு, தீராத சிக்கல்கள், விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, தனி மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம். இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 33 சதவீதம். இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலூரில் பிறந்த அறிவு, வேலூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் தாலுகா மருத்துவமனைக்கு இன்னும் ஒரு காகிதமாகக்கூட வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

'அப்படியானால் நிமோனியா என்று வரும் எல்லோருக்கும் அசித்ரோமைசினைச் சேர்த்துவிடலாமே, பரிசோதனை எதற்கு?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஐசியூ தேவைப்படாமல் சாதாரண வார்டில் சேர்ந்தவர்களுக்கு பீட்டா-லாக்டம் மட்டும் கொடுத்ததற்கும், கூடவே மேக்ரோலைடு (அசித்ரோமைசின் குடும்பத்து மருந்து) சேர்த்ததற்கும் 90 நாள் இறப்பில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. 2024-இல் கிரேக்கத்திலிருந்து வந்த ஆய்வோ, அதே குடும்பத்துக் கிளாரித்ரோமைசின் சேர்த்தவர்கள் முதல் மூன்று நாட்களில் நன்றாகத் தேறினார்கள் என்கிறது. இரண்டையும் படித்த எனக்குத் தோன்றுவது இது: எல்லோருக்கும் தேவையில்லை, சிலருக்குக் கட்டாயம் தேவை, அந்தச் சிலர் யார் என்று பார்க்கும் வழிதான் நம்மிடம் இல்லை. நெதர்லாந்தில் லெஜியோனெல்லாவுக்கான சிறுநீர்ச் சோதனை சாதாரணமாகக் கிடைக்கிறது. அந்தத் துணிச்சலோடு அவர்கள் ஒரு மருந்தைத் தவிர்க்கலாம். நாம் எதை நம்பித் தவிர்ப்பது?

கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதற்கும் விலை உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் மைக்கோப்ளாஸ்மாவே அசித்ரோமைசினுக்கு அடங்காமல் போனது. குறிப்பாகச் சீனாவில் குழந்தைகளிடம் கிடைக்கும் கிருமிகளில் பெரும்பான்மை அப்படித்தான். 2023 குளிர்காலத் தொடக்கத்தில் வட சீனாவில் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்து, உலக சுகாதார நிறுவனம் விளக்கம் கேட்டது நினைவிருக்கும். சளிக்கெல்லாம் மூன்று மாத்திரைப் பட்டை விற்கும் நாமும் அந்த வழியில்தான் நடக்கிறோம். இதய மின்னோட்டத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ள வயதானவர்களுக்கு அந்த மாத்திரையால் வரும் ஆபத்து தனி.

லெவோஃப்ளாக்சசின் விஷயம் இன்னும் மோசம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் அது நிமோனியாவுக்கு முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. நம் நாட்டில் அதே மருந்து மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கான கூட்டுமருந்தில் இருக்கிறது. இருமலோடு வந்தவருக்குக் காசநோய் பார்க்காமல் ஏழு நாள் லெவோஃப்ளாக்சசின் கொடுத்தால், காய்ச்சல் இறங்கும், நோயாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார், இரண்டு மாதம் கழித்து இன்னும் பெரிய நிழலோடு வருவார். காசநோய்க் கிருமியும் அதற்குள் அந்த மருந்தைப் பழகியிருக்கலாம். சளியில் காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை, அவசரம் இல்லாத நிமோனியாவுக்கு இந்த மருந்தைத் தொடக்கூடாது என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் எங்களில் பலர் திருந்துவோம். எங்களுக்குள் ஒருவருக்கொருவர் சொன்னால் சண்டைதான் வரும்.

லெஜியோனெல்லா பற்றிச் சுருக்கமாக. 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து 34 பேர் நிமோனியாவில் இறந்தார்கள். காரணமான பாக்டீரியாவை ஜோசப் மெக்டேட் அடையாளம் கண்ட செய்தி வெளியாக அடுத்த ஜனவரி ஆனது. சாதாரண ஆய்வகத் தட்டில் அது வளராது, சாதாரணச் சாயத்தில் சரியாகத் தெரியாது. 25 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகி, துளிகளாகக் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகிறது. வெயில் காலத்தில் நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் கை வைத்துப் பாருங்கள், எந்த டிகிரி என்று தெரியும். பெரிய கட்டடங்களின் ஏசி குளிரூட்டும் கோபுரங்கள், ஓட்டல் ஷவர்கள், மருத்துவமனைக் குழாய்கள் எல்லாம் அதற்கு ஏற்ற இடம். மற்ற ஊர்களில் இருப்பது நம் ஊரில் மட்டும் இருக்காது என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

புகை பிடிப்பவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர், ஐம்பதைத் தாண்டியவர் என்று யாராவது கடும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குழப்பமான பேச்சு ஆகியவற்றோடு நிமோனியாவில் வந்து, ரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தால் லெஜியோனெல்லாவை நினைக்க வேண்டும். சோடியம் எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் பார்க்கலாம். சிறுநீரில் பார்க்கும் அட்டைச் சோதனை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பல வகைகளில் முதல் வகையை மட்டுமே அது காட்டும் என்பதால், இல்லை என்று வந்தாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலாவது இந்த அட்டையை வாங்கி வையுங்கள். கூடவே இன்னொன்று: வார்டுகளில் ஆக்சிஜன் ஈரப்பத பாட்டிலிலும் நெபுலைசரிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும்தான் அதில் போக வேண்டும். கிருமியை நோயாளியின் மூக்குக்கு நேராக நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

2023 டிசம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஏழு பேருக்கு மைக்கோப்ளாஸ்மா கண்டுபிடித்த செய்தி வந்தபோது, சீனாவோடு முடிச்சுப் போட்டு இரண்டு நாள் பரபரப்பு. சீனத் தொடர்பு ஏதும் இல்லை என்று ஒன்றிய அரசு விளக்கம் கொடுத்தது. உண்மைதான். எனக்கு அதில் தெரிந்தது வேறு: அங்கே தேடினார்கள், கிடைத்தது. நம் மாவட்டங்களில் தேடுவதில்லை, அதனால் இல்லை என்று கணக்கு எழுதுகிறோம்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. 2022 ஏப்ரலில் நீங்கள் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை அருகிலிருந்து பார்த்தவன். எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று சில எளிய கேள்விகளை வைத்து, கடுமையான நோயாளியை அன்றே வார்டில் சேர்த்தீர்கள். ஆய்வகம் இல்லாத இடத்திலும் அந்தத் தாள் வேலை செய்தது. நிமோனியாவுக்கும் அதே மாதிரி ஒரு தாள் வேண்டும். வார்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் காசநோய் மாதிரியோடு சேர்த்து இன்னொரு மாதிரி, உடம்பு முழுக்கப் பார்த்ததற்கு ஒரு கட்டம், சோடியம், மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டாலோ ஐசியூவுக்குப் போனாலோ பீட்டா-லாக்டமோடு அசித்ரோமைசினோ டாக்சிசைக்ளினோ முதல் நாளே, பிசிஆரில் ஒன்றும் இல்லையென்றால், கடுமை குறைந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் மருந்தை நிறுத்த அனுமதி. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். டாக்சிசைக்ளின் மாத்திரையை நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்துகொண்டு விழுங்கி, உடனே படுக்கக்கூடாது என்பதை நோயாளி மொழியில் ஒரு வரி. இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகி, 'அந்த மாத்திரை ஒத்துக்கல' என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

பரிசோதனைத் தொகுப்புகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். தனியார் மருத்துவமனைகளிலிருந்து வரும் மாதிரிகளையும் நியாயமான கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள், காசநோய்க்கு ஏற்றுக்கொள்கிறீர்களே. மாவட்டவாரியாக என்ன கிருமி கிடைத்தது என்று மாதம் ஒருமுறை வெளியிட்டால், அடுத்த மாதம் எந்த மருந்தை முதலில் நினைப்பது என்று எங்களுக்குத் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். எங்கள் பக்கம் வார்டுகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நிரம்பும். எல்லா மாவட்டங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாவிட்டால், இந்த முறை வேலூரையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரிகளைத் தினமும் மாலை ஆய்வகத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை எங்கள் ஊர் மருத்துவர்கள் சிலர் ஏற்கத் தயாராக இருக்கிறோம். குளிர்ப் பெட்டி எங்களுடையது, வண்டியும் எங்களுடையது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட ஒருவரை நியமித்தால் போதும்.

இப்படிக்கு,
நெஞ்சக மருத்துவர் ஒருவர்,
வட தமிழ்நாடு